கல்லில் எண் இருக்கிறது, பெயர் எங்கே? ஊராட்சித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர்களுக்கும், தலைவர் இல்லாத ஊராட்சிகளைப் பார்த்துக்கொள்ளும் தனி அலுவலர்களுக்கும், வணக்கம்.

உங்கள் ஊரின் பழைய சாவடியிலோ, பள்ளிக்கூடச் சுவரிலோ, கோயில் முன்மண்டபத்தின் ஓரத்திலோ ஒரு சிறிய கல்பலகை பதிந்திருக்கலாம். சுண்ணாம்பும் பெயின்டும் ஏறி எழுத்து மங்கியிருக்கும். தேர்தல் சுவரொட்டி ஒட்டிய தடமும் இருக்கும். அதில் உள்ள ஆங்கில வாசகம் நாடெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்கு, அதாவது முதல் உலகப்போருக்கு, சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ள கல்லில் போனவர்கள் 277, மாண்டவர்கள் 14. ஊரின் பெயர், இரண்டு எண்கள். அதோடு கல் முடிந்துவிடுகிறது.

அந்தப் பதினான்கு பேர் யார் என்று கல் சொல்லாது. கல்லைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த மூன்று தலைமுறைக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெயர்களில் பல வேறோர் இடத்தில் எழுதப்பட்டிருக்கின்றன, பெரும்பாலும் தகப்பன் பெயரோடும் ஊர்ப்பெயரோடும். எண் ஊரில் கிடக்கிறது, பெயர் கடல்தாண்டி ஒரு பதிவேட்டில் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்கும் வேலையை உங்களிடம் கேட்கவே இந்த மடல். செலவு குறைவு. ஆனால் நாள் கடத்தினால் நடக்காது. சாலை அகலப்படுத்தும்போதும், பழைய கட்டடம் இடித்துப் புதுக் கட்டடம் எழுப்பும்போதும் இந்தக் கற்கள் இடிபாட்டோடு லாரியில் ஏறிப் போய்விடுகின்றன.

முதலில், போனவன் எப்படிப் போனான் என்பதைச் சொல்லிவிடுகிறோம். அது தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்று புரியும்.

அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து அந்தப் போருக்குச் சேர்ந்த போர்வீரர்கள் ஏறத்தாழ 51,000 பேர். மூட்டை தூக்க, டோலி சுமக்க, தண்ணீர் கொண்டுவர, சமைக்க என்று சேர்க்கப்பட்டவர்கள் மேலும் ஏறத்தாழ 41,000 பேர். வட ஆற்காடு, சேலம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று தமிழ் மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து போனவர்கள் இதில் ஏராளம். சாதாரண சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். மழை பொய்த்த வருஷத்தில் பண்ணை வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு அது மாதம் தவறாமல் வரும் காசு. மீசை சரியாக அரும்பாத வயதில், வயதைக் கூட்டிச் சொல்லியும் சேர்ந்தார்கள்.

தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் போய்ச் சேர்ந்த படைகளில் முதலாவது, பெங்களூரில் டிப்போ வைத்திருந்த மெட்ராஸ் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். அந்தப் படைக்காரனை இன்றும் இராணுவத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அடுத்து 61, 64, 81 ஆகிய எண்கள் கொண்ட, சாலையும் போட்டுச் சண்டையும் போடும் பயோனியர் படைகள். பிறகு 73, 75, 79, 80, 86, 88 எண்களில் இருந்த கர்நாடிக் இன்ஃபன்ட்ரி (இன்ஃபன்ட்ரி என்றால் காலாட்படை), 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 83-ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி. கர்நாடிக் என்ற பெயரைப் பார்த்துக் கர்நாடக மாநிலம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது ஆற்காட்டுச் சீமையைக் குறித்த பெயர்.

சேப்பர் என்பவன் துப்பாக்கியும் பிடிப்பான், மண்வெட்டியும் பிடிப்பான். பதுங்குகுழி வெட்டுவது, முள்கம்பி கட்டுவது, கிணறு தோண்டுவது, பம்பு நிறுத்துவது, ஆற்றில் படகுப்பாலம் போடுவது எல்லாம் அவன் வேலை. 1917 பிப்ரவரி 23 அன்று மெசபடோமியாவில், இன்றைய இராக்கில், டைகிரிஸ் ஆறு வளையும் ஷும்ரான் என்ற இடத்தில் துருக்கியர் எதிர்க்கரையிலிருந்து சுட்டுக்கொண்டிருக்க, வெள்ளம் ஓடும் ஆற்றில் துடுப்புப் போட்டுப் படையைக் கரையேற்றியவர்களில் மெட்ராஸ் சேப்பர்ஸின் 12, 13-ஆம் கம்பெனிக்காரர்களும் உண்டு. அன்று மாலைக்குள் ஏறத்தாழ 300 கெஜ நீளத்துக்குப் பாலம் போட்டு முடித்தார்கள். பதினாறு நாளில், மார்ச் 11 அன்று, பாக்தாத் விழுந்தது. ஏரியில் தெப்பம் விட்டுப் பழகிய பிள்ளைகள் செய்த வேலை அது.

மரணம் பலருக்குக் குண்டால் வரவில்லை. மெசபடோமியாவில் கோடை வெயில் 50 டிகிரி செல்சியஸை நெருங்கும். ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தவர்களை வாந்திபேதியும் சீதபேதியும் கொண்டுபோயின. பச்சைக் காய்கறி இல்லாமல் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் 1916-இல் இந்தியச் சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் படுக்கவைத்தது. மலேரியா, வெப்பத் தாக்கு, 1918-இல் விஷக்காய்ச்சல் என்று வரிசையாக வந்தன. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊரில் விசாரிக்கும்போது, "அவர் சண்டையில சாகலைங்க, காய்ச்சல்ல போயிட்டாரு" என்று வீட்டார் சொல்வார்கள். கேட்பவரும் குறிப்பேட்டை மூடிவிடுவார். மூடக் கூடாது. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, படையில் இருக்கும்போது எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும், மாண்ட படைவீரர்களின் கல்லறைகளையும் பதிவேடுகளையும் பார்த்துக்கொள்ளும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கணக்கில் அவர் போரில் மாண்டவர்தான். 1920-இல் பெங்களூர் மருத்துவமனையில் நிமோனியாவில் இறந்தவரும் அதில் சேர்வார். சண்டை 1918 நவம்பரில் முடிந்துவிட்டதே என்று தள்ளிவிடக் கூடாது.

அடுத்து, பெயர்கள் எங்கே இருக்கின்றன என்பது.

இந்தியப் படையில் அந்தப் போரில் மாண்டவர்கள் ஏறத்தாழ 74,000 பேர். இந்துச் சிப்பாய்களை முடிந்தவரை எரித்தார்கள். எரித்தவனுக்குக் கல்லறை கிடையாது. அதனால் போர்முனை ஒவ்வொன்றுக்கும் ஒரு பொது நினைவுச்சின்னம். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் மாண்டவர்களுக்குப் பிரான்சின் நவ் ஷபெல். எகிப்து, பாலஸ்தீனப் போர்முனைக்காரர்களுக்கு முதலில் சூயஸ் அருகே போர்ட் தவ்ஃபிக். அது பிற்காலச் சண்டையில் சிதைந்ததால் பெயர்கள் கெய்ரோவின் ஹீலியோபோலிஸ் கல்லறைக்கு மாறின. கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா, தார் எஸ் ஸலாம், நைரோபி. வடமேற்கு எல்லையில் மாண்டவர்கள் உள்ளிட்ட 13,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் டெல்லி இந்தியா கேட்டில் வெட்டப்பட்டிருக்கின்றன. மெசபடோமியாவுக்குப் பஸ்ரா. தமிழ்ப் பிள்ளைகளைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது பஸ்ராவைத்தான்.

பஸ்ரா நினைவுச்சின்னம் 1929 மார்ச் 27 அன்று திறக்கப்பட்டது. 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கானது. வெள்ளைக்காரச் சிப்பாயின் பெயர் ஒவ்வொன்றும் கல்லில் வெட்டப்பட்டது. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர் மட்டும் வெட்டப்பட்டது. அதன் கீழே, இன்னும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள் என்று ஓர் எண். உங்கள் ஊர்க் கல்லில் இருப்பதும் எண், பஸ்ராக் கல்லில் இருப்பதும் எண். இரண்டு முனையிலும் அந்தப் பிள்ளையை எண்ணிக்கையாகத்தான் வைத்தார்கள். அதே இராக்கில் அமாரா என்ற ஊரில் இந்தியர்களுக்கான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே நினைவுகூரப்படுபவர்கள் ஏறத்தாழ 5,000. அடையாளம் தெரிந்தவர்கள் ஒன்பது பேர்.

இது பிழை என்று ஆணையமே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்கப் படைவீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அந்த அறிக்கை சொல்கிறது. மன்னிப்புக் கேட்டதோடு கடன் தீராது. ஆனால் கல்லில் வெட்டாத பெயர்களைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பதிவேடுகள் இன்று ஆணையத்தின் இணையதளத்தில் தேடக் கிடைக்கின்றன, கட்டணம் இல்லை. உங்கள் அலுவலகக் கணினியே போதும்.

தேடும் முறை இது. பெயர்ப் பெட்டியைக் காலியாக விடுங்கள். போர் என்ற இடத்தில் முதல் உலகப்போர், படை என்ற இடத்தில் இந்திய இராணுவம் என்று வையுங்கள். கூடுதல் தகவல் என்று ஒரு பெட்டி இருக்கும். இன்னாருடைய மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா, இன்ன மாவட்டம் என்று பதிவேட்டில் எழுதியிருப்பது அங்கேதான் இருக்கும். அதில் முதலில் தாலுகாவின் பெயரை மட்டும் போடுங்கள். ஊர்ப்பெயரைப் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. வராததால் இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். தாலுகாவைப் போட்டால் பத்தோ நூறோ வரும். அதைக் கோப்பாக இறக்கிக்கொண்டு, தாளில் அச்செடுத்து, ஊர்ப்பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தப்புவது காதுக்குப் பிடிபடும். பஞ்சாபியோ ஆங்கிலேயனோ ஆன ஒரு குமாஸ்தா, காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயர் அது. ழகரம் 'ல' ஆகியிருக்கும், 'ர' ஆகியிருக்கும், ஆங்கிலக் கடைசி எழுத்தான இஸட்டாகவும் இருக்கும். 'பாக்கம்' 'பாகம்' ஆகியிருக்கும், 'பட்டி' 'பெட்டி' ஆகியிருக்கும். முனுசாமி என்ற ஒரே ஆள் முனிஸ்வாமி, முனசாமி, மூனிசாமி என்று வெவ்வேறு தாளில் வெவ்வேறாக இருப்பார்.

மாவட்டப் பெயரில் இரண்டு சிக்கல். ஒன்று, அன்றைய எழுத்து: டின்னவெல்லி, டாஞ்சூர், மதுரா, டிரிச்சினோபொலி, சிங்கிள்புட், ராம்நாட் என்று தேட வேண்டும். மற்றொன்று, அன்றைய எல்லை. நாமக்கல் தாலுகா 1910 முதல் 1929 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தது. சேலத்தில் தேடினால் கிடைக்காது. கரூர் 1910-இல் கோயம்புத்தூரிலிருந்து திருச்சிக்குப் போனது. இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களெல்லாம் வட ஆற்காடு. உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய தாலுகா பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு உட்காருங்கள். அரை நாள் மிச்சமாகும்.

பதிவேட்டில் கிடைக்கும் பெயரை அப்படியே ஊர்ப்பெயராக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே பெயரில் நான்கு ஊர் உள்ள தாலுகாக்கள் உண்டு. புதூர், பள்ளிப்பட்டு, மேட்டுப்பாளையம் என்றால் எந்தப் புதூர்? இதற்கு வீடுதான் சாட்சி. ஊருக்குள் "பட்டாளத்தார் வீடு", "சிப்பாய் வீடு" என்று இன்னும் பெயர் தாங்கும் வீடுகளிலிருந்து தொடங்குங்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் "ஜெர்மன் சண்டை" என்று கேளுங்கள். "பர்மா சண்டை", "ஜப்பான் சண்டை" என்று சொன்னால் அது இரண்டாம் போர், வேறு கணக்கு. வீட்டில் பதக்கம் இருந்தால் குழப்பம் உடனே தீரும். தாடி வைத்த அரசர் தலை இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ், முதல் போர். தாடியில்லாத அரசர் ஆறாம் ஜார்ஜ், இரண்டாம் போர்.

பதக்கத்தின் முகத்தைவிட விளிம்புதான் நமக்கு வேண்டியது. முதல் போரின் வெள்ளிப் பதக்கம் 36 மில்லிமீட்டர் அகலம். அதன் விளிம்பைச் சுற்றிப் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். பணியாளாகவும் தொழிலாளர் படையில் கூலியாகவும் போனவர்கள் பலருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். 1914–15 நட்சத்திரப் பதக்கமாக இருந்தால் எழுத்து பின்பக்கம். இறந்தவன் வீட்டுக்கு மட்டும் வந்தது ஒரு வெண்கல வட்டு. சிறு தாம்பாளம் போல 12 சென்டிமீட்டர் அகலம். சூலம் ஏந்திய பெண், அருகே சிங்கம், ஒரு கட்டத்துக்குள் இறந்தவனின் பெயர் மட்டும், பதவி கிடையாது. வீட்டில் இதைப் பூஜை அறையில் வைத்திருப்பார்கள், அல்லது பரணில் பித்தளைப் பாத்திரத்தோடு போட்டிருப்பார்கள். பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போட்டால் போனதுதான். விளிம்பைப் படிக்க வேண்டுமென்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கக் கேட்காதீர்கள். ஏற்கெனவே பொங்கலுக்குப் பொங்கல் தேய்த்துத் தேய்த்து எழுத்து பாதி போயிருக்கும். மங்கிய விளிம்பை ஈரத்துணியால் துடைத்து, இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துச் செல்பேசியில் படம் எடுத்தால் எண் தெரியும். எண் தெரிந்தால் அதைப் பதிவேட்டின் சேவை எண்ணோடு ஒப்பிடலாம். பெயரைக் குமாஸ்தா மாற்றி எழுதியிருக்கலாம், எண் பொதுவாக மாறாது. பதக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். படம் எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விசாரணை ஊர்த்தெருவோடு நின்றுவிடக் கூடாது. மெட்ராஸ் சேப்பர்ஸிலும் பயோனியர் படைகளிலும் ஆதிதிராவிடர்களும் கிறித்தவர்களும் பெருமளவில் சேர்ந்தார்கள். ஊரில் நுழைய முடியாத தெருக்கள் இருந்த காலத்தில், படை அவர்களுக்குக் காலில் பூட்ஸும் கையில் சம்பளமும் கொடுத்தது. கல் நடப்பட்ட சாவடிப் பக்கம் அந்தப் பிள்ளையின் தாய் வந்து நிற்கக்கூட முடியாமல் இருந்திருக்கும். அதனால் காலனியிலும், சர்ச்சின் பழைய ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளிலும் கேட்காமல் பட்டியலை முடித்தால், கல்லில் உள்ள எண்ணில் பாதிக்கு மேல் ஆளே அகப்படாமல் போகலாம். முதல் நாளே காலனிக்குப் போங்கள்.

இனி கல்லைப் பற்றி. நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் சேதம்தான் அதிகம். ஆகஸ்ட் 15-க்கு முந்தின நாள் ஆசிட் ஊற்றித் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, எழுத்துக்குக் கறுப்பு எனாமல் அடிப்பார்கள். பலகை பளிங்காக இருந்தால், அதன் மேல் ஏறிய வெள்ளையடிப்பும் பளிங்கும் வேதியியலில் ஒரே பொருள்தான். இரண்டும் சுண்ணாம்புச் சத்து. வெள்ளையடிப்பைக் கரைக்கும் ஆசிட் பளிங்கையும் தின்னும். நுரை பொங்குவது அழுக்குப் போவதாகத் தோன்றும். கரைவது எழுத்தின் கூர்மை. கம்பி பிரஷ், உப்புத்தாள், ப்ளீச்சிங் பவுடர், சோப்புத்தூள் எதுவும் வேண்டாம். முதலில் உள்ளதை உள்ளபடி படம் எடுங்கள், காலை ஏழு மணிச் சாய்ந்த வெயிலில். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியைக் கல்மேல் அரைமணி நேரம் ஒட்டி வையுங்கள். ஊறிய சுண்ணாம்பை மூங்கில் சிம்பால் மெல்லச் சுரண்டி, மென்மையான நைலான் பிரஷால் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் காய்ந்த கல்லில் வடிந்து கோடு விழும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். எழுத்துப்பள்ளத்தில் பழைய ஈயமோ கறுப்போ ஒட்டியிருந்தால் அதைத் தொடாமல் விடுங்கள்.

கட்டடம் இடிபடப் போகிறதென்றால், ஜேசிபி வருவதற்கு முன் கொத்தனாரை வைத்துக் கல்லை எடுத்துவிட வேண்டும். கல்லின் விளிம்பில் கடப்பாரை போட்டு நெம்பினால் குறுக்கே பிளக்கும். சுற்றியுள்ள சுவரைத்தான் ஒரு சாண் அகலத்துக்கு உளியால் வெட்டிக்கொண்டு போய், கல்லைப் பின்னாலிருந்து விடுவிக்க வேண்டும். தூக்கும்போது கதவைத் தூக்குவது போல நிற்கவைத்துத் தூக்குங்கள். படுக்கவைத்துத் தூக்கினால் தன் எடையிலேயே நடுவில் விரியும். புது இடத்தில் பதிக்கும்போது சுண்ணாம்புக் காரை போடுங்கள். சிமென்ட்டிலிருந்து கசியும் உப்பு சில மழைக்காலத்திலேயே பளிங்கை உள்ளிருந்து பொரியவைக்கும்.

கடைசியாகப் பெயர்ப்பலகை. பழைய கல்லில் புதிதாக எதையும் வெட்டாதீர்கள். அது அன்றைய சாட்சி, அப்படியே இருக்கட்டும். அதன் கீழே தனியாக ஒரு கிரானைட் பலகை வையுங்கள். முதல் வரியில் பழைய கல்லின் வாசகம் தமிழில். கீழே ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: பெயர், தகப்பன் பெயர், படை, எண், இறந்த தேதி, பெயர் பதிவாகியுள்ள நினைவுச்சின்னம். பதவி வரிசையில் போடாமல் இறந்த தேதி வரிசையில் போடுங்கள். பதிவேடும் வீடும் ஒத்துப்போன பெயர்களை மட்டும் கல்லில் வெட்டுங்கள். வீட்டார் நினைவில் மட்டும் உள்ள பெயர்களை ஊராட்சிக் குறிப்பேட்டில் எழுதி, சான்று கிடைக்கும்வரை வைத்திருங்கள். பழைய கல் 14 என்று சொல்லி உங்களுக்கு 9 பெயர்தான் கிடைத்தால், மீதி ஐந்து வரிக்கு இடம் விட்டே வெட்டச் சொல்லுங்கள். எண்ணைச் சரிக்கட்டுவதற்காக ஒரு பெயரைக்கூட ஊகித்து நிரப்பிவிடாதீர்கள்.

பதிவேட்டிலேயே இல்லாத ஒருவருக்குப் பதக்கமோ, வட்டோ, படைக் காகிதமோ வீட்டில் இருந்தால், அந்தப் படங்களை இணைத்துப் போர்க் கல்லறை ஆணையத்துக்கு எழுதலாம். படையில் இருந்ததற்கு ஒரு சான்று, நாங்கள் மேலே சொன்ன இரு தேதிகளுக்குள் இறந்ததற்கு ஒரு சான்று, இரண்டும் வேண்டும். ஊராட்சியின் கடிதத்தாளில் எழுதி, குடும்பத்தாரின் ஒப்புதலை இணைத்து அனுப்புங்கள்.

இதற்கெல்லாம் கிராமசபைத் தீர்மானம் ஒன்று இருந்தால் அடுத்து வரும் தலைவரும் தட்டிக்கழிக்க முடியாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் இருக்கின்றன. முதல் கூட்டத்தில் கல் இருக்கும் இடத்தையும் அதன் வாசகத்தையும் பதிவு செய்து, அதை நகர்த்தவோ இடிக்கவோ சபையின் அனுமதி வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் கிடைத்த பெயர்களை வாசியுங்கள். வாசிக்கும்போது ஊர்ப்பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்து மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர், "அது எங்க தாத்தாவோட அண்ணன்" என்று எழுந்து நிற்கக்கூடும். அவரிடம் முகவரியும் செல்பேசி எண்ணும் வாங்கிக்கொள்ள ஒரு குறிப்பேடும் பேனாவும் மேசையில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஊர்க் கற்களைத் தேடிப் பதிவு செய்யும் குழுவினர்